சந்தியில் கட்டிய பெறுபேறு

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து "எங்க வேல?" என்று கேட்டால் அது நலம் விசாரிப்பது அல்ல. அந்த வேலையால் தனக்கு என்ன காரியம் ஆகும் என்று கேட்பவர் மனதுக்குள் போட்டுப் பார்ப்பது. மின்சாரசபை என்றால் மீற்றர் விஷயம். ஆஸ்பத்திரி என்றால் நம்பர் எடுக்கிற விஷயம். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து, கல்முனைக் கடற்கரையோரம் பிள்ளை படிக்கிற வீட்டாரெல்லாம் எனக்கு உறவுக்காரர்கள் ஆகிப்போனார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம், அவ்வளவுதான். (இந்த அடக்கம் அப்போதே இருந்திருந்தால் இப்படியொரு கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது.)

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு படிவத்தைத் தந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாணவரின் பரீட்சைப் பெறுபேறு, முகவரி, மருத்துவச் சான்றிதழ் எதையும் அவருடைய சம்மதமில்லாமல் யாருக்கும், பெற்ற தாய் தகப்பனுக்கும்கூட, கொடுக்க மாட்டேன் என்று அதில் இருந்ததாம். "இருந்ததாம்" என்று எழுதக் காரணம், சேர்ந்த அன்று நான் அதை வாசிக்கவில்லை. பிறகுதான் வாசித்தேன். விசாரணையில், நின்றுகொண்டு, சத்தமாக.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், தகுதிகாண் காலம் முடியவில்லை. ஆனால் வார இறுதியில் ஊருக்கு வந்தால் மீன் வாங்கப் போகும்போதும் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தந்த அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் அது பாரைக்குட்டிப் பெட்டிக்குள் விழுந்து, ஒரு கிழமை முழுக்க என் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை. அப்படியும் கழற்றவில்லை.

எங்கள் தெருவில் ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கிறது. விளையாடுவது குறைவு, பெனர் கட்டுவதுதான் அதிகம். யாராவது ஹஜ்ஜுக்குப் போனால் பெனர், வந்தால் பெனர், அதிபராகப் பதவி உயர்ந்தால் பெனர். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஒரே தடவையில் நான் சொன்ன அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, சந்தியில் பெரிய பெனர் ஒன்று ஏறியது. ஆண் பிள்ளைகளுக்கு கோட் போட்ட படம், பெண் பிள்ளைகளுக்குப் படத்துக்குப் பதிலாக ரோஜாப்பூ. எட்டுப் பேரில் மூன்று பேர் ரோஜாப்பூக்கள். ஆனால் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் பக்கத்துத் தெருக் கழகம் தன்னுடைய பெனரைக் கட்டிவிட்டது. எங்கள் கழகத் தலைவர் ஜவ்பர் அந்த அவமானத்தை மூன்று வருடம் மனதில் வைத்திருந்தார்.

"மனே, நீ உள்ளுக்கே இரிக்கிறாய். லிஸ்ட் வெளிய வர முந்தி எடுத்துத் தந்தியெண்டா, இந்த முறை அவனுகள் நம்மடத்தப் பார்த்துத்தான் எழுதணும்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதம், நாட்டுக்காக ஏதோ செய்யச் சொல்வதுபோல இருந்தது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, பட்டம் பெறுகிறவர்களின் பட்டியல் அங்கீகரிக்கப்பட்டு எங்கள் பிரிவுக்கு வந்தது. வெளியிட இன்னும் நான்கு நாள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் எங்கள் ஊரின் பெயரைத் தட்டினேன். வந்ததை அப்படியே ஜவ்பருக்கு அனுப்பினேன். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. கணினி எண்ணியிருக்கும்தானே என்று நினைத்தேன். அது சரியாகத்தான் எண்ணியிருந்தது.

"மார்க்ஸையும் போடுவமா?" என்று ஜவ்பர் கேட்டார். போடுவோம் என்றேன். நான்குக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளியை இரண்டு தசம ஸ்தானம் வரை கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று பதிவு இலக்கங்களையும் கொடுத்தேன். (பிறந்த திகதியையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.)

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சந்தியில் என் சாச்சாவின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. உம்மாவின் தங்கையைக் கட்டியவர். அவருடைய ஒரே மகள் ஹஸ்னா அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, நாங்கள் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள், எனக்குத் தங்கை மாதிரி, அண்ணன் முறையில் என்னைக் "காக்கா" என்றுதான் கூப்பிடுவாள். பெனரைக் கட்டக் கயிறு, ஆணி, ஏணி எல்லாம் சாச்சாதான் கொடுத்தார். "நம்மட புள்ளைகள்ர விஷயம்" என்று சொல்லி, முதலில் கொடுத்த கயிற்றை மாற்றித் தடித்த நைலோன் கயிறு எடுத்துத் தந்தார்.

சாச்சாவின் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பையன் கட்டாரில் வேலை. "மூன்று வருடம் படிக்கட்டும், பட்டம் எடுத்த கையோடு கலியாணம்" என்று இரண்டு வீட்டாரும் பேசியிருந்தார்கள். எங்கள் பக்க வழக்கப்படி மகளுக்கு வீடு கட்ட வேண்டும். சாச்சா மாடி எழுப்பி டைல்ஸும் பதித்து முடித்துவிட்டார். பெறுபேறு ஒன்றுதான் பாக்கி.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வர, ஜவ்பர் அக்கரைப்பற்றிலிருந்து வரவழைத்த ஒலிபெருக்கியைப் போட்டார். சர்பத் கலக்கி வைத்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாகூட வந்து, கடை வாசலில் சாச்சாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். துணியை இழுத்தார்கள். பெனர் தெரிந்தது. கைதட்டினார்கள்.

ஐந்து படம், இரண்டு ரோஜாப்பூ.

"முகைதீன் மாஸ்டர்ட மகளுக்கு மூணு தசம் ஆறு ஒண்டு, மாஷா அல்லாஹ்" என்று யாரோ வாசித்தார்கள். கடைசிப் படத்துக்குக் கீழே 2.07 என்று இருந்தது. அந்தப் பையன் வீட்டில் வேறு ஏதோ சொல்லி வைத்திருந்தான் போல, முகம் காய்ந்த மிளகாயாகிவிட்டது. அவனுடைய உம்மா, "ரெண்டு தசம் ஏழு எண்டா ரெண்டாம் புள்ளதானே மனே?" என்று கேட்டதும், "ஓம் உம்மா" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

சாச்சா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். இடமிருந்து வலம் வாசித்தார். பிறகு வலமிருந்து இடம் வாசித்தார். பிறகு எழுந்து பெனருக்குக் கிட்டப் போய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஜவ்பர், ஒரு பேரு விட்டுப்போச்சா?"

ஜவ்பர் என்னைப் பார்த்தார். நான் பெனரைப் பார்த்தேன். ஊர் முழுவதும் சாச்சாவைப் பார்த்தது. மூன்று வருடத்துக்கு முன் எட்டுப் பேர் போனது சந்தியில் நின்ற எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்தப் பெனரைக் கட்டியதும் நாங்கள்தானே! வென்றவர்களின் பெயரைப் போட்டால், போடாத பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் தெரியும் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

"எட்டுப் பேரு போனாங்க, ஏழு பேருதான் இரிக்கி" என்றது ஒரு குரல். "ஹார்ட்வெயார்க்காரர்ட மகள் பெயிலாம்" என்றது இன்னொன்று. மாப்பிள்ளையின் பெரியப்பா சர்பத் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

கடைக்குப் பின்பக்கம் ஓடி, சீமெந்துப் பைகளுக்கு நடுவில் நின்று, எங்கள் பிரிவில் வேலை செய்த சிவாவுக்கு போன் எடுத்தேன். ஹஸ்னாவின் பெயரைச் சொல்லி அவளுடைய கோவையை, அந்தப் பைலை, எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"மச்சான், இதெல்லாம் போனில சொல்லப்படாது" என்றான் சிவா. "நீயும் இந்தப் பிரிவெண்டபடியாச் சொல்றன். ஆருக்கும் சொல்லாத, என்ன?" பிறகு சொன்னான். ஹஸ்னா பெயிலாகவில்லை. பாடத்தில் முதல் ஆளாக வந்து, ஒரு வருடத்துக்கு முன்பே சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அதற்கு நான்கு வருடம் படிக்க வேண்டும். அதனால்தான் மூன்று வருடப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு! இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான்? சாச்சாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹஸ்னாட்டையே கேளுங்க" என்று சொல்லியிருப்பான். நான் நேராகப் போய் மைக்கைப் பிடித்தேன்.

"ஒரு முக்கியமான அறிவித்தல்" என்றேன். என் குரல் சந்தியைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, கடற்கரை வரைக்கும் போய்விட்டு வந்தது. "தங்கச்சி ஹஸ்னா பெயில் இல்ல! பெயில் இல்ல! ரெண்டாம் வருஷத்துலயே ஸ்பெஷலுக்கு எடுபட்டிட்டா! அவ இன்னும் ஒரு வருஷம் படிக்கணும்! அல்ஹம்துலில்லாஹ்!"

கடைசி வார்த்தையை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வருஷமா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "இத எங்களுக்கு ஆரும் சொல்லல்லயே!"

"எனக்கே ஆரும் சொல்லல்ல" என்றார் சாச்சா. அவருடைய குரல் அவ்வளவு மெல்லியதாக வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நேரம்தான் பஸ் வந்து சந்தியில் நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹஸ்னா இறங்கினாள். (இதை நான் சோடிக்கவில்லை. அவள் வெள்ளிக்கிழமைகளில் வருகிற பஸ் எப்போதும் அந்த நேரம்தான் வரும்.) முதலில் பெனரைப் பார்த்தாள். பிறகு மைக்குடன் நின்ற என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்காமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடையாள அட்டை வேறு என் நெஞ்சில் தொங்கியது.

கிட்ட வந்து மைக்கின் சுவிட்சை அவளே நிறுத்தினாள். அந்த நாளில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

"காக்கா, லிஸ்ட் திங்கக்கிழமதான் வருமெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி வாப்பாக்கு நானே சொல்லணுமெண்டுதான் இண்டைக்கு வந்தன். அஞ்சு மணித்தியாலமா பஸ்ஸுல இருந்து, எந்த இடத்துல துவங்கிற, எப்பிடிச் சொல்ற எண்டு யோசிச்சிக்கிட்டு வந்தன். நீங்க அத ரெண்டு நிமிஷத்துல மைக்கில சொல்லிப்போட்டீங்க."

"நீ பெயிலெண்டு கதைச்சாங்க புள்ள. அதுதான்..."

"பெயிலெண்டு கதைக்க வச்சது ஆரு?"

நான் மைக்கை ஜவ்பரின் கையில் கொடுத்தேன்.

சாச்சா கடைக்குள் போய்ப் பெயின்ட் வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். மகள் முதல் ஆளாக வந்த பெருமை ஒரு பக்கம், மகள் மறைத்த வலி ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஹஸ்னா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மைக்கில கேட்டுத் தெரிஞ்சுகொள்ற அளவுக்கு நான் ஒனக்கு என்ன தூரத்துலயா புள்ள இரிந்தன்?" என்றார் சாச்சா.

அவள் அழுதாள். கூரையைப் பார்க்கிற மாதிரி நான் மேலே பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. மாடி கட்டிவிட்டார், மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், படிப்பை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து பயந்து ஒரு வருடம் மறைத்திருக்கிறாள். அந்தப் பயம் சரியா பிழையா என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வாய்ப்பு அது. அதை நான் பறித்துவிட்டேன்.

இதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்துவிட்டார். போனை எல்லோரும் கேட்கும்படி பிடித்துக்கொண்டு, "மகன், ஒனக்குத் தெரியுமா, பொண்ணு இன்னும் ஒரு வருஷம் படிக்கிறாவாம்! நம்மளுக்குச் சொல்லாம மறைச்சிரிக்காங்க!" என்றார்.

போனுக்குள் அந்தப் பையன் தலையைச் சொறிந்தான். "தெரியும் பெரியப்பா."

"என்ன தெரியும்?"

"அவக்குக் கடிதம் வந்த அண்டைக்கே எனக்குச் சொல்லிட்டா. நாந்தான் படிங்க எண்டு சொன்னன். என்ட கொன்ட்ராக்டும் இன்னும் ஒரு வருஷம் இரிக்கி. அத நான் உங்களுக்குச் சொல்லல்ல."

முதலில் சிரித்தது சாச்சாதான். பெயின்ட் வாளியில் இருந்தபடியே, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அப்ப ஹாஜியார், நம்ம ரெண்டு பேருக்கும்தான் ஒண்டும் தெரியா" என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் சொன்னார். அவருக்கும் வேறு வழியில்லை, பாதியில் நிறுத்திய சர்பத்தைக் குடித்தார். கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடம் ஊருக்கு வரும்போதெல்லாம் டைல்ஸ் பதித்த மாடியில் ஹஸ்னா இருந்து படித்தாள்.

என் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. திங்கட்கிழமை கந்தோருக்குப் போனபோது எங்கள் பிரதிப் பதிவாளர் மேடத்தின் மேசையில் பெனரின் படம் கலரில் அச்சடித்துக் கிடந்தது. கழக முகநூல் பக்கத்தில் ஜவ்பர் போட்டது. "தகவல் தந்துதவிய சகோதரருக்கு நன்றி" என்று என் முழுப் பெயரையும் பதவியையும் போட்டிருந்தார். பதவியைக்கூட ஒரு படி உயர்த்தியிருந்தார்.

மேடம் சத்தம் போடவில்லை. "இந்த ஏழு பேரில எத்தின பேரிட்ட கேட்டீங்கள்?" என்று மட்டும் கேட்டார். நல்ல செய்திதானே மேடம் என்றேன். "நல்லதோ கெட்டதோ, அது அவையளின்ட செய்தி" என்று சொல்லிவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எல்லாம் மிகத் தெளிவான தமிழில்தான் இருந்தது.

ஹஸ்னாவின் கோவையிலிருந்த விபரம் எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்கள். நானே முன்பு எப்போதோ பார்த்ததாகச் சொன்னேன். அந்த விசாரணையில் நான் காப்பாற்றிய ஒரே இரகசியம் சிவாவின் பெயர்தான். (இப்போது எழுதிவிட்டேன். பயப்படாதே மச்சான், பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். கணினிப் பக்கம் போகாமல் பழைய விண்ணப்பப் படிவங்களுக்குக் கட்டுப்போடுகிற வேலை தந்தார்கள். எட்டுப் பேருக்கும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2.07 பையன் கடிதத்தை வாங்கிவிட்டு, இனி மார்க்ஸ் பற்றி வீட்டில் பொய் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டான். அது நன்றியா திட்டா என்று எனக்கு விளங்கவில்லை.

இவர்களில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தது ஒரே ஒருத்திதான். ஹஸ்னா. இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை, ஒரு மிகைப்படுத்தல் இல்லை. என்னை அதில் "மேற்படி உத்தியோகத்தர்" என்று எழுதியிருந்தாள். அதே கிழமை சாச்சி வீட்டுச் சாப்பாட்டில் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா காக்கா?" என்று கேட்டு என் சோற்றுக்கு ஆணம் ஊற்றினாள். முறைப்பாடு கொடுத்துவிட்டு ஆணமும் ஊத்துறியா என்றேன். "ரெண்டும் வேற வேற. அது கந்தோர், இது வீடு. நீங்கதான் ரெண்டையும் ஒண்டாக்கின" என்றாள். மூன்று நாள் விசாரணையில் மண்டைக்குள் ஏறாதது அந்த ஒரு பிடிச் சோற்றோடு ஏறியது. ஹஸ்னா இப்போது விரிவுரையாளர். அவள் மாணவர்களின் கோவைகள் என்னுடைய அலுமாரியில்தான் இருக்கின்றன. அவை அமானிதம், என்னை நம்பி ஒப்படைத்தவை; சாவியை நான் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் இன்னும் என்னில் நம்பிக்கை வரவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷமென்றாலும் "காக்காக்குக் கடைசியாச் சொல்லுங்க" என்பது ஒரு சட்டமாகிவிட்டது. சம்பந்தம் பேசியது, வெளிநாட்டுக்குப் போனது, வீடு வாங்கியது எல்லாம் எனக்குச் சாப்பாட்டு அழைப்போடுதான் வரும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, போன வருடம் வரை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு ஊருக்கு வந்தபோது உம்மா, சாச்சி, சாச்சா, ஹஸ்னா எல்லோரும் எங்கள் வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. என் மனைவி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பிறகு சொன்னாள், நான் வாப்பாவாகப் போகிறேன். மூன்று கிழமைக்கு முன்பே தெரியுமாம்!

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. வெளியே வந்து ஹஸ்னாவிடம், "என்ட புள்ளட விஷயம், எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க" என்று சண்டைக்குப் போனேன்.

அவள் வட்டிலப்பத் தட்டை என் கையில் தந்தாள்.

"ஊருக்குச் சொல்லல்ல காக்கா, வீட்டுக்குள்ளதான் சொன்ன. இது அமானிதம். அதுதான் உங்களுக்கே சொல்லல்ல."